ஜன்னலுக்கு எண்ணெய் போட்ட காதலன்!

இன்டர்னல் மார்க் எவ்வளவுன்னு நான் கேட்க மாட்டேன். நீங்களும் என்னைக் கேட்காதீங்க.

'டெஸ்க்குக்கு அடியில்' பகுதியில் இந்த வாரம் மாட்டியிருப்பவர் ஒரு ரத்தக் காட்டேரி. பயப்பட வேண்டாம். ஆள் பார்க்க ஜம்முனு இருப்பார். சில்வர் கலர் வோல்வோ காரில் ஸ்கூலுக்கு வருவார். பியானோ வாசிப்பார். மனுஷ ரத்தத்தைத் தொட மாட்டார். மான், கரடி, மலைச் சிங்கம்... இதுதான் மெனு. பெயர் எட்வர்ட் கல்லன். வயசு பதினேழு. என்ன ஒண்ணு, அந்தப் பதினேழு வந்தது 1918-ல். அதுக்கப்புறம் ஐயா கேக் வெட்டவே இல்லை.

ஆமாம், 'ட்வைலைட்'தான். ஸ்டெஃபனி மேயர் எழுதின முதல் புத்தகம் 2005 அக்டோபர்ல வந்தது. நானும் 2005 பேட்ச். ஆக, எனக்கும் இந்த நாவல் வரிசைக்கும் ஒரே வயசு. ரெண்டு பேர்ல உலகம் முழுக்கப் பத்துக் கோடிப் பிரதிக்கு மேல வித்தது யாருன்னு சொல்லத் தேவையில்லை.

கோயம்புத்தூர்ல படிச்ச எங்க அத்தாச்சி, லீவுக்கு வந்தப்போ கறுப்பு அட்டை போட்ட நாலு குண்டுப் புத்தகங்களை என் தலையில கட்டிட்டுப் போனாங்க. நான் அப்போ ஒன்பதாவது. டிக்‌ஷனரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஒரே மாசத்துல நாலையும் முடிச்சேன். இங்கிலீஷ் மிஸ் அசந்துட்டாங்க. நான் எட்வர்டுக்காகப் படிச்சேன், அவங்க கிராமருக்காகன்னு நினைச்சாங்க.

போன மாசம் மறுபடி எடுத்தேன், ஹீட் டிரான்ஸ்ஃபர் கிளாஸ்ல. மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்குப் புரியும், இதைவிடப் பொருத்தமான கிளாஸ் கிடையாது. எட்வர்ட் உடம்பு ஐஸ் கட்டி. ஹீரோயின் பெல்லா 37 டிகிரி. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சா வெப்பம் எந்தப் பக்கம் போகும்னு பரீட்சையில கேட்டிருந்தா, எங்க கிளாஸ் மொத்தமும் பாஸ்.

படிக்காதவங்களுக்குக் கதைச் சுருக்கம். அமெரிக்காவுல எப்பவும் மழை பெய்யற ஊர் எதுன்னு மேயர் தேடிப் பிடிச்ச ஊர் ஃபோர்க்ஸ். அங்கே அப்பாவோட தங்கிப் படிக்க வர்றா பதினேழு வயசு பெல்லா. பயாலஜி லேப்ல பக்கத்து சீட்டு எட்வர்ட். அவ ரத்த வாசனையில அவனுக்குத் தலை கிறுகிறுக்குது. கடிக்கணும்னும் தோணுது, காதலிக்கணும்னும் தோணுது. ரெண்டாவது புத்தகத்துல அவளை விட்டுட்டு ஓடிப் போறான். மூணாவதுல ஓநாய்ப் பையன் ஜேக்கப் போட்டிக்கு நிக்கிறான். நாலாவதுல கல்யாணம், பிரசவம், சண்டை. நடுவுல அஞ்சு சினிமா. அதோட முடிஞ்சதுன்னு பார்த்தா, 2020-ல 'மிட்நைட் சன்'னு ஒண்ணு. முதல் புத்தகத்துக் கதையே மறுபடியும், இந்தத் தடவை எட்வர்ட் வாயால.

இந்த ஊர்க் காட்டேரிங்க வெயில்ல எரிஞ்சு சாம்பலாகாது. வைரம் பதிச்ச மாதிரி மின்னும். அதனாலதான் மழை ஊரா பார்த்துக் குடியிருக்காங்க. எட்வர்ட் காரைக்குடிக்கு வந்திருந்தா என்ன ஆகியிருப்பான்னு யோசிச்சுப் பார்த்தேன். சித்திரை மாசம் கொப்புடையம்மன் தேர் பார்க்க வந்தா, ஜனம் தேரை விட்டுட்டு இவனைத்தான் பார்த்திருக்கும். பழைய மாடல் டிராகுலாவுக்கு வேணா நம்ம ஏரியா சரிப்படும். கானாடுகாத்தான் பக்கம் வாங்க, பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுங்க வரிசையா இருக்கு. பர்மா தேக்குத் தூண், வளவு, ரெண்டாம் கட்டு, மேலே வௌவால். கோட்டைக்கு ருமேனியா போகணும்னு அவசியமே இல்லை. ஆனா கண்ணாடியில உருவம் தெரியாத ஆளுக்கு அவ்வளவு பெரிய பெல்ஜியம் கண்ணாடி வேஸ்ட்!

சரி, ஜோக் போதும். ஒரு சீன் சொல்றேன், கவனமா கேளுங்க.

முதல் புத்தகத்துல, பாதிக்கு மேல, எட்வர்ட் ஒரு உண்மையைச் சொல்றான். கிட்டத்தட்ட தினமும் ராத்திரி பெல்லா ரூமுக்குள்ள வந்து, அவ தூங்கறதைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான். அவளுக்குத் தெரியாம, ஜன்னல் வழியா. அவ தூக்கத்துல பேசறதையெல்லாம் கேட்டிருக்கான். அவ அப்பா போலீஸ் அதிகாரி, அடுத்த ரூம்ல குறட்டை. இதைக் கேட்ட பெல்லாவுக்குக் கோபம் வரலை. உள்ளுக்குள்ள பெருமை.

ஒன்பதாவதுல இதைப் படிச்சப்போ எனக்கும் அப்படித்தான் இருந்தது. புத்தகத்தை நெஞ்சுல வெச்சுக்கிட்டு எங்க வீட்டு ஜன்னலைப் பார்த்தது ஞாபகம் இருக்கு. கம்பி போட்ட ஜன்னல். எவனும் வர முடியாது. அப்போ அது வருத்தமா இருந்தது. சத்தியமா!

'மிட்நைட் சன்'ல இதே சீன் எட்வர்ட் பக்கத்துல இருந்து வருது. முதல் தடவை ஜன்னலைத் திறக்கும்போது அது கிறீச்சுன்னு சத்தம் போடுது. உடனே அவன் மனசுல ஓடறது என்ன தெரியுமா? அடுத்த தடவை வரும்போது கொஞ்சம் எண்ணெய் கொண்டு வரணும்! லூப்ரிகேஷன் பத்தி ஒரு முழு யூனிட் படிச்சவ நான். இப்படி ஒரு உபயோகத்தை எந்தப் புத்தகத்திலும் பார்க்கலை.

அந்த வரியில என் கை நின்னுடுச்சு. காரணம் இருக்கு. சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சுட்டுத்தான் எழுதறேன்.

நான் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த புதுசு. வீடு புதுவயல் பக்கம், காலேஜ் காரைக்குடியில. தினமும் டவுன் பஸ். மெக்கானிக்கல்ல எங்க செட்ல பொண்ணுங்க மொத்தமே நாலு பேர், அதனால காலேஜ்ல யாராவது பார்த்துக்கிட்டே இருக்கறது பழகிப் போச்சு. ஆனா இந்தப் பையன் எங்க காலேஜ் இல்லை. பஸ்ல எனக்கு ரெண்டு சீட் பின்னாடி உட்காருவான். என் ஸ்டாப்ல இறங்குவான். எதிர் பஸ்ல திரும்பிப் போவான். ஒரு வார்த்தை பேசினதில்லை. ஒரு மாசம் கழிச்சு, சாயங்காலம் எங்க தெரு ஊருணிக் கரையில நிக்க ஆரம்பிச்சான். ஒரு நாள் நல்ல மழை. அப்பவும் நின்னான்.

கேர்ள்ஸ் எல்லாரும் 'செம டெடிகேஷன்டி'ன்னாங்க. ஒருத்தி, 'எனக்கு இப்படி ஒருத்தன் கிடைக்கலையே'ன்னு பெருமூச்சே விட்டா. நானும் அதை ரசிச்சேன்னுதான் உண்மையைச் சொல்லணும். பாதி பயம், பாதி பெருமை. மனசுக்குள்ள எட்வர்ட் வேற உட்கார்ந்திருந்தான். இவனும் பேசாம தள்ளி நின்னு பார்க்கிறவன்தானே? இவனும் தன்னைக் கட்டுப்படுத்திக்கிறவனா இருக்குமோ?

நாலு மாசம் ஓடிப் போச்சு. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, தெரியாத நம்பர்ல இருந்து ஒரு போட்டோ. எங்க வீட்டு ஜன்னல். உள்ளே லைட் எரியுது. கீழே ஒரு வரி: 'லைட் ஆஃப் பண்ணலையா, தூக்கம் வரலையா?'

கை கால் சில்லிட்டுப் போறதுன்னு சொல்வாங்களே, அது ஹீட் டிரான்ஸ்ஃபர்ல வராது மக்களே. எனக்கு அவன் பேர் தெரியாது. ஊர் தெரியாது. அவனுக்கு என் நம்பர் தெரியுது, நான் எந்த ரூம்ல தூங்கறேன்னு தெரியுது, எப்போ லைட் அணைப்பேன்னு தெரியுது. நாலு மாசமா இதைக் காதல்னு நினைச்சு ஒரு பக்கம் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதை நினைச்சா இன்னைக்கும் கூசுது.

அப்பாகிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்பீங்க. அப்பாவுக்கு என் மேல உயிர். அதனாலதான் சொல்லலை. சொன்ன மறுநாள் 'நீ காலேஜே போக வேணாம், கரஸ்ல படிச்சுக்கலாம்'னு சொல்லியிருப்பார். பின்னாடி வந்தவன் பஸ்ல போவான், நான் வீட்ல இருப்பேன். இதைப் படிக்கிற பெண்களில் எத்தனை பேர் இந்த ஒரே காரணத்துக்காக எத்தனை விஷயத்தை வாயை மூடி வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அண்ணன்மார்களே, அப்பாமார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்பத்தாகிட்ட சொன்னேன். போட்டோவைக் காட்டினேன். ஒண்ணும் பேசலை. மறுநாள் சாயங்காலம் வெத்தலைப் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போய்த் திண்ணையில உட்கார்ந்தாங்க. பையன் ஊருணிக் கரைக்கு வந்ததும், தெருவுக்கே கேக்கிற மாதிரி கூப்பிட்டாங்க. 'ஏ ராசா, இங்கிட்டு வா. தெனமும் வந்து நிக்கிறியே, காபித்தண்ணி குடிச்சிட்டுப் போ. ஆமா, நீ யாரு வீட்டுப் பேரன்? ஒங்க அப்பத்தா பேரென்ன?'

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. போனவன் போனவன்தான், அப்புறம் அந்த பஸ்லேயே பார்க்கலை.

எல்லார் வீட்டுத் திண்ணையிலும் அப்பத்தா இருக்க மாட்டாங்க. எல்லாப் பையனும் ஓடிப் போகவும் மாட்டான். 2022 அக்டோபர்ல சென்னை பரங்கிமலை ஸ்டேஷன்ல ஒரு கல்லூரி மாணவியை ஓடி வர்ற ரயில் முன்னாடி தள்ளினவன், அவளைப் பின்தொடர்ந்துக்கிட்டு இருந்தவன்தான். 1998-லேயே, சென்னையில ஒரு மாணவி ஈவ் டீசிங்கால் இறந்த பிறகு, தமிழ்நாடு இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டுடுச்சு. இப்போ பாரதிய நியாய சம்ஹிதாவில் பிரிவு 78. பெண் விருப்பமில்லைன்னு தெளிவா காட்டின பிறகும் பின்தொடர்ந்தால், முதல் தடவையே உள்ளே போகலாம். அதனால ஒரு தடவை 'வேண்டாம்'னு தெளிவா சொல்லிடுங்க. மெசேஜை அழிக்காதீங்க. 181-ங்கிற நம்பரை போன்ல போட்டு வைங்க. நான் இதுல எதையும் செய்யலை. எனக்கு அப்பத்தா கிடைச்சது அதிர்ஷ்டம்.

மறுபடி புத்தகத்துக்கு வர்றேன். மூணாவது புத்தகம் 'எக்லிப்ஸ்'. பெல்லா ஜேக்கப்பைப் பார்க்கப் போகணும். எட்வர்டுக்கு இஷ்டமில்லை. சண்டை போடலை, கத்தலை. அவளோட பழைய ஷெவர்லே ட்ரக் இன்ஜின்ல இருந்து ஒரு பாகத்தைக் கழட்டி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்! வண்டி ஸ்டார்ட் ஆகலை. ஒன்பதாவதுல படிச்சப்போ, 'பாவம், அவ பத்திரமா இருக்கணும்னு எவ்வளவு அக்கறை'ன்னு நினைச்சேன். இப்போ வொர்க்‌ஷாப்ல கையெல்லாம் கிரீஸ் ஆகி நாலு இன்ஜினைப் பிரிச்சு மாட்டின பிறகு படிச்சா... டேய், அது அவ வண்டிடா!

அதுக்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சுட்டேன்னு நினைக்காதீங்க. ரெண்டாவது தடவையும் நாலையும் முடிச்சேன். எழுத்து சுமார்தான். பெல்லா விழுறா, எட்வர்ட் பிடிக்கிறான், அவன் முகம் அழகுன்னு அரைப் பக்கம். மறுபடி விழுறா. ஆனாலும் கையை விட்டுப் போகலை. அறுபது பேர் இருக்கிற கிளாஸ்ல, தன்னை யாரும் கவனிக்கலைன்னு நினைக்கிற ஒரு பொண்ணை, ஒருத்தன் மட்டும் உத்துப் பார்க்கிறான். அந்த ஆசை பொய்யில்லை. அதோட, அவன் தன் பலத்தைப் பார்த்துத் தானே பயப்படறவன். நம்ம சினிமா ஹீரோ, பொண்ணு 'நோ' சொன்னா 'எஸ்' சொல்ற வரைக்கும் துரத்துவார். இங்கே பெல்லாதான் 'என்னைக் கடி, நானும் காட்டேரி ஆகணும்'னு கெஞ்சறா. அவன்தான் 'முதல்ல கல்யாணம்'ங்கறான். அசல் செட்டிநாட்டுப் பெரியப்பா மாதிரி! இந்த ரெண்டையும் ஒரே ஆளுக்குள்ள மேயர் வெச்சதுலதான் சிக்கலே. நல்லவன்னு நாம முடிவு பண்ணிட்ட ஒருத்தன் செய்றதால, ஜன்னலும் இன்ஜினும் தப்பாவே தெரியறதில்லை.

பெல்லாவை எப்பவும் யாராவது காப்பாத்திக்கிட்டே இருக்கணுமான்னு மேயர்கிட்ட வருஷக்கணக்கா கேட்டுட்டாங்க போலிருக்கு. முதல் புத்தகம் வந்து பத்து வருஷமானதை ஒட்டி, 2015-ல 'லைஃப் அண்ட் டெத்'னு ஒண்ணு எழுதினார். அதே கதை, ஆணும் பெண்ணும் இடம் மாறியாச்சு. பெல்லா இடத்துல போ-ன்னு ஒரு பையன். எட்வர்ட் இடத்துல ஈடித்னு ஒரு காட்டேரிப் பொண்ணு. ராத்திரி நேரத்துல ஒரு பொண்ணு ரத்த தாகத்தோட ஒரு பையனைத் தேடி வந்தா, ஃபோர்க்ஸ்ல அதுக்குப் பேர் ரொமான்ஸ். நம்ம ஊர்ல மோகினிப் பிசாசு. வேப்பிலை எடுத்துட்டு வந்துடுவாங்க.

இந்தக் கதையை அப்பத்தாகிட்ட சொன்னேன். பாக்கை வெட்டிக்கிட்டே கேட்டாங்க. 'ரத்தம் குடிக்கிறவனைக் கட்டிக்கிட்டாளாக்கும்? அவளுக்கு என்ன கேடு? நம்ம பக்கம் அதெல்லாம் பொம்பளையாத்தான் இருக்கும்.'

யோசிச்சுப் பார்த்தா உண்மைதான். ஆம்பளைக் கேஸ்னு பார்த்தா வேதாளம் ஒண்ணு இருக்கு. விக்கிரமாதித்தன் கதையை இங்கிலீஷ்ல கொண்டுபோன ரிச்சர்ட் பர்ட்டன், 1870-ல தன் புத்தகத்துக்கு வெச்ச பேரே 'விக்ரம் அண்ட் தி வேம்பயர்'தான். 'டிராகுலா' (1897) எழுதின பிராம் ஸ்டோக்கர் அந்த பர்ட்டனை நேர்ல சந்திச்சிருக்கார். பேசும்போது தெரிஞ்ச அவரோட கோரைப்பல் மனசை விட்டுப் போகாம, பின்னாடி தன் நினைவுக் குறிப்புல எழுதியும் வெச்சிருக்கார். டிராகுலாவோட பல்லுல நம்ம வேதாளத்துக்கும் ஒரு பங்கு உண்டோ என்னவோ! ஆனா 'அம்புலிமாமா'வுல சங்கர் ஓவியத்தோட நாம பார்த்த வேதாளத்துக்குக் காதல் கீதல் எல்லாம் கிடையாது. முதுகுல தொத்திக்கிட்டு, பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சிடும்னு மிரட்டற ஆள். அது காட்டேரி இல்லை, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்.

ரத்தம் கேட்டு வர்றவங்கன்னா நம்மகிட்ட பெண்கள்தான். அதுல பெரியவ நீலி. திருவள்ளூர் மாவட்டம், திருவாலங்காட்டுப் பக்கத்துல பழையனூர். கதை பல வடிவத்துல இருக்கு. நடுவுல இருக்கிறது இதுதான். ஒருத்தன் தன்னை நம்பி வந்த மனைவியைக் காட்டுல வெச்சுக் கொன்னுடறான். அடுத்த பிறவியில அவன் ஒரு வணிகன். அவ பேய். (செட்டிநாட்டுல உட்கார்ந்துக்கிட்டு வணிகர் கதை சொல்றேன், ஊர்க்காரங்க மன்னிக்கணும்.) கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு அவனைத் துரத்தறா. அவன் பழையனூர்ல தஞ்சம் புகுந்து, 'இவ என் பெண்டாட்டி இல்லை, பேய்'னு கதறுறான். அவ அழுதுக்கிட்டே, 'கட்டினவளை விட்டுட்டு ஓடறாரே'ங்கறா. ஊர்ப் பெரியவங்க எழுபது வேளாளர்கள் உட்கார்ந்து விசாரிச்சு, குழந்தை அவனைப் பார்த்து 'அப்பா'ன்னதும் அவ பக்கம் தீர்ப்பு சொல்றாங்க. 'உன் உயிருக்கு நாங்க பொறுப்பு'ன்னு அவனுக்கு வாக்கும் கொடுக்கிறாங்க. விடிஞ்சு பார்த்தா அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில இறங்கிட்டாங்க.

எழுபது பேரை எல்லாரும் கொண்டாடறோம். அது சரிதான், சொன்ன வார்த்தைக்கு அப்படி நின்னவங்க அவங்க. ஆனா தமிழ்ல இந்தக் கதை விட்டுட்டுப் போன சொல் எது? 'நீலிக் கண்ணீர்'. பொண்ணு அழுதா நடிப்புங்கறதுக்கு ஒரு சொல். எங்க கிளாஸ்லேயே யாராவது பொண்ணு கண்ணைத் துடைச்சா உடனே வரும் இந்த வார்த்தை. முதல் பிறவியில அவளைக் கொன்னவனுக்கு ஒரு சொல் இருக்கான்னு தேடிப் பார்த்தேன். காணோம்.

நீலி அதோட நிக்கலை. 'நீலகேசி'ன்னு ஒரு சமணக் காப்பியம், ஐஞ்சிறு காப்பியங்களில் ஒண்ணு. பன்னிரண்டாவதுல ஒரு மார்க்குக்காக அஞ்சு பேரையும் மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். அதுல இந்தப் பழையனூர்ப் பேய் ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் பார்க்குது, முடியலை. அழகான பொண்ணா வந்து மயக்கப் பார்க்குது, அதுவும் முடியலை. கடைசியில அவர்கிட்டயே பாடம் கேட்டு, ஊர் ஊராப் போய்ப் பெரிய பெரிய ஆளுங்களை வாதத்துல ஜெயிக்குது. பேயா இருந்தவ டிபேட் சாம்பியன்! இதை யாராவது சீரிஸா எடுங்கப்பா.

தெற்கே நாகர்கோவில் பக்கம் கள்ளியங்காட்டு நீலின்னு ஒருத்தி. 2025 ஆகஸ்டுல வந்த மலையாளப் படம் 'லோகா'வுல கல்யாணி பிரியதர்ஷன் அந்த நீலியாத்தான் வந்தாங்க. பெங்களூர்ல ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருக்கிற, வெயில் ஆகாத, ரத்தம் குடிக்கிற நீலி. எதிர் ஃப்ளாட் பையன் அவளைப் பார்த்துப் பார்த்து விழுந்துடறான். தியேட்டர்ல எனக்கு ஒரு நிமிஷம் ஊருணிக் கரை ஞாபகம் வந்தது. ஆனா இங்கே பயப்பட வேண்டியவன் எட்டிப் பார்க்கிறவன். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே விசில் அடிச்சேன்.

எட்வர்டுக்கும் நீலிக்கும் இன்னொரு வித்தியாசம். எட்வர்டைக் காதல் வந்து அடக்குது. நம்ம ஊர்ல ரத்தம் கேக்கிறவளைக் காதலிக்க மாட்டோம், சாமியாக்கிடுவோம். கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தல்ல இசக்கியம்மன் இருக்கா. ரத்தக் காட்டேரியையே குலசாமியா கும்பிடற குடும்பங்கள் தமிழ்நாட்டுல எத்தனையோ. பிள்ளைத்தாச்சிக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு காட்டேரிக்குத்தான் படையல் போடுறாங்க. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன நம்ம ஆளுங்க, கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் அவளைக் கூடவே கூட்டிட்டுப் போய், இன்னைக்கும் அங்கே அவளுக்குப் பூஜை நடக்குது. இந்தச் சாமிங்க எப்படிச் செத்தாங்கன்னு கதையைக் கேட்டுப் பாருங்க. முக்கால்வாசி இடத்துல ஒரு பொண்ணும், அவளை ஏமாத்தினவனோ கொன்னவனோ ஒருத்தனும் இருப்பான். உயிரோட இருந்தப்போ யாரும் அவளுக்காகத் திண்ணையில உட்காரலை. அப்புறம் கோயில் கட்டி, கிடா வெட்டி, 'கோவிச்சுக்காதே தாயி'ங்கறோம்.

எங்க வீட்லயும் ஒருத்தி உண்டு. ரெண்டாம் கட்டு ரூம்ல, பரண் மேல ஒரு ஓலைப் பெட்டி. கன்னிப் பெட்டின்னு சொல்வோம். வருஷா வருஷம் தை மாசம் இறக்கி, பழைய துணியை எடுத்துட்டு, புதுப் பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன் எல்லாம் வெச்சுக் கும்பிடுவோம். நான் சின்னப் புள்ளையில இருந்து பார்க்கிறேன். எனக்குத் தீபாவளிக்கு டிரெஸ் எடுக்கிற மாதிரி அவளுக்குத் தைக்கு. அது யார்னு கேட்கணும்னு தோணினதே இல்லை. இந்தத் தடவைதான் கேட்டேன்.

'அப்பத்தா, அவ பேரென்ன?'

'கன்னிதான்.'

'அது சாமிப் பேரு. வீட்ல கூப்பிட்ட பேரு?'

'எங்க மாமியாளுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் கேட்டுக்கிறலை.'

'எப்படிச் செத்தாக?'

அப்பத்தா வெத்தலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுட்டு, 'கெணத்துல'ன்னாங்க. அதுக்கு மேல பேசலை.

துணி எடுக்க நான்தான் கூடப் போனேன், காரைக்குடிக்கு, அதே டவுன் பஸ்ல. அப்பத்தா ஒவ்வொரு தாவணியா வெளிச்சத்துல பிரிச்சுப் பார்த்தாங்க. கடைக்காரர், 'எத்தனை வயசுப் பிள்ளைக்கு ஆச்சி?'ன்னு கேட்டார்.

அப்பத்தா யோசிக்கவே இல்லை. 'பதினேழு'ன்னாங்க.